வலது கண் படம்

வீரபாகு அண்ணாச்சி சிவப்பும் நீலமுமாகத் தாள் ஒட்டிய அட்டைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிக்சனின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். காலை சரியாகப் பத்து மணி.

நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

நாங்கள் என்றால் நான், என் தங்கை விஜிலா, அவளைக் கட்டிய மேதை டிக்சன்.

மேதைக்குச் சென்னையில் அனிமேஷன் வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வீட்டிலேயே கம்ப்யூட்டரில் மனிதர்களைச் செய்துகொண்டிருக்கிறான். அந்த மனிதர்கள் சாப்பாடு கேட்பதில்லை என்பது ஒன்றுதான் விஜிலாவுக்கு ஆறுதல்.

அண்ணாச்சி துறைமுகச் சாலையில் புதிதாக முத்துக் கடை திறக்கிறார். வாசல் சுவர் முழுக்க ஒரு படம் வேண்டும். கண்ணாடி மாட்டிப் பார்த்தால் ஆள் வெளியே வந்து நிற்க வேண்டும். அந்த வேலையை டிக்சனுக்குக் கொடுங்கள் என்று அவர் பின்னால் மூன்று வாரம் அலைந்தவன் நான். பிடித்துப்போனால் கடையின் எல்லாப் படங்களும் இவனுக்கு. இல்லாவிட்டால் மறுநாள் வரப்போகும் சென்னைக் கம்பெனிக்கு.

படத்தில் கடல். முத்துக் குளிப்பவன் ஒருவன் மூச்சு முட்டி மேலே வருகிறான். தோணியில் நிற்கும் அவன் மச்சான் ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடி மறுகையை நீட்டுகிறான். அந்தக் காலத்தில் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்களாம். தங்கையின் தாலியை நினைத்தாவது விட மாட்டான் என்று.

அந்த மச்சான் நான்தான். என்னை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான். நேர்மையான தொழிலாளி. என் வழுக்கையின் பளபளப்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

நீட்டிய என் கைதான் படத்தைவிட்டு வெளியே வர வேண்டும்.

அதற்கு ஒரே காட்சியை இரண்டு தடவை எடுக்க வேண்டுமாம். இடது கண் பார்ப்பது போல ஒன்று; கேமராவை இரண்டரை அங்குலம் நகர்த்தி, வலது கண் பார்ப்பது போல இன்னொன்று. டிக்சனின் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு படத்தை முடிக்க இருபது மணி நேரம். நடுவில் நின்றால் முதலிலிருந்து.

இடது கண் படம் முன்பே முடிந்துவிட்டது. வலது கண் படம் நேற்று சாயங்காலம் முடிய வேண்டியது. நேற்றுப் பார்த்து மாதாந்திர ஷட்டவுன். தெருவுக்கே மின்சாரம் இல்லை. இவன் வீட்டு இன்வெர்ட்டரோ, கம்ப்யூட்டர் ஓடும்போது கூடுதலாக ஒரு பல்பைப் போட்டாலும் கீ என்று கத்திவிட்டு அணைந்துவிடும். நேற்றுக் காலையில் நான் எட்டிப் பார்த்தபோது விஜிலா வேர்த்து ஒழுகிக் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். கலைக்காக எத்தனையோ பேர் தியாகம் செய்திருக்கிறார்கள்.

"பாருங்க அண்ணாச்சி, கை அப்படியே உங்க மூக்குக்கு வரும்" என்றேன்.

அண்ணாச்சி மூக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு முன்னால் கொண்டுவந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, ஊதி, வேட்டியில் துடைத்து, மறுபடி மாட்டினார்.

"நல்லா இருக்கு தம்பி" என்றார். "காலண்டருக்கு ஆவும்."

கண்ணாடியை வாங்கி நான் மாட்டினேன். என் கை, சுவரில் தட்டிய வரட்டி போல ஒட்டிக் கிடந்தது. இரண்டு கண்ணுக்கும் ஒரே படத்தை வைத்திருக்கிறான்.

"ஏலே மாப்ள, வலது கண் படம் எங்கலே?"

"கணக்கு தப்பிட்டு மச்சான்" என்று சிரித்தான்.

விஜிலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் ஒரு பார்வை பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். வேலை இல்லாவிட்டாலும் வீட்டில் அதிகாரத்துக்குக் குறைவில்லை.

அண்ணாச்சி வருவதற்கு முன் மூன்று பேரும் முழங்காலில் நின்று ஜெபித்திருந்தோம். நான்தான் நடத்தினேன், உருக்கமாக, பத்து நிமிடம். எடுக்காத படத்துக்கு இவனும் கூடவே ஆமென் சொல்லியிருக்கிறான்!

அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைத் தேடியபடி நான் பின்னால் போனேன்.

டிக்சனின் சன்னலிலிருந்து நீளமான வயர் ஒன்று மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது. அந்த வீட்டுச் சந்தனச்செல்வி, இடுப்பில் பிள்ளையோடு மதிலோரம் நின்று அதைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இத உள்ள குடுத்திருங்க. நேத்து கரண்டு இல்லாம பிள்ளைக்கு ஆவி மெஷின் போட முடியல. இளைப்பு கூடி மூச்சுக்குத் தவிச்சிட்டு. உங்க மாப்ளதான் கம்ப்யூட்டர நிப்பாட்டிட்டு இத எறிஞ்சாவ. சாயங்காலம் வரைக்கும் மூணு தடவ போட்டோம்."

பிள்ளை என் வழுக்கையைப் பார்த்துச் சிரித்தது. மூச்சு சீராக இருந்தது.

நான் வயரை வாங்கினேன்.

அண்ணாச்சியின் ஸ்கூட்டர் உறுமியது.

ஒரு கையில் வயரைப் பிடித்தபடி ஓடினேன். மறுகை தானாக நீண்டது, ஹேண்டில்பாரைப் பிடிக்க.

அண்ணாச்சி சட்டென்று மூக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.