பின்னால் வருகிறவர்

வந்தவன் குடிக்கத் தண்ணீர்தான் கேட்டான்.

ஊற்றிக் கொடுக்கும்போதே அக்காவின் கண் அவன் முதுகுக்குப் போய்விட்டது. சின்னப் பை. பையில் கூடாரம் இல்லை.

மலையேறி வந்து இந்த முகாமில் இராத் தங்குகிறவன் கூடாரம் இல்லாமல் வந்தால், அதைச் சுமந்துகொண்டு ஒருத்தி முன்னால் வந்திருக்கிறாள் என்று அர்த்தம். புருஷன் பெண்டாட்டியாக வருகிறவர்கள் சுமையை அப்படித்தான் பங்கு போட்டுக்கொள்வார்கள். கூடாரம் ஒருவர் முதுகில், அடுப்பும் சாமான்களும் இன்னொருவர் முதுகில்.

அக்காவுக்கு இதெல்லாம் அத்துப்படி. சில வருஷங்களாக லீவு கிடைக்கும்போதெல்லாம் இங்கே வந்து தொண்டு செய்கிறாள். வெந்நீர் போடுவாள், குப்பை பொறுக்குவாள், வருகிறவர்களுக்குக் கூடாரம் அடிக்க இடம் காட்டுவாள். மற்ற நாட்களில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை. கன்னம் வீங்கி வருகிற ஒவ்வொருவரிடமும் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய நாக்கு.

முகாமில் அந்தக் கேள்விக்குத் தடை.

நடக்க வருகிறவர்களிடம் தனியாகவா என்று கேட்கக் கூடாது. யார் எந்தக் கூடாரத்தில் என்று இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. மூடிய கூடாரத்தின் பக்கம் போகவே கூடாது, தள்ளி நின்று குரல் கொடுக்க வேண்டும், பதில் வந்தால்தான் அடுத்த அடி. தொண்டர்களுக்குப் பெரியவராக இருக்கும் ரிட்டயர்டு போஸ்ட்மேன் வருஷா வருஷம் இதை ஒப்பிப்பார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். மனுஷரை மனுஷர் விசாரிக்காமல் இருக்க மலைக்கு எதற்கு வர வேண்டும், அதற்கு அடுக்குமாடி வீடே போதுமே என்பது அவள் கட்சி.

அன்று மத்தியானம் வந்த பெண்ணிடம் தனியாகவா என்று கேட்டேவிட்டாள்.

அந்தப் பெண் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, வீட்டுக்காரர் பின்னால் வருகிறார் என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நடந்த களைப்பு என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

முழங்கால் வலிக்கிறது, படுத்துத் தூங்க வேண்டும், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகக் காட்டுங்கள் என்று கேட்டாள். ஓடையை ஒட்டிய கடைசி இடத்தை அக்கா காட்டினாள். பச்சைக் கூடாரம் ஒன்று அங்கே எழுந்தது.

அதற்கப்புறம் அக்காவுக்கு வேலையே ஓடவில்லை. வெயில் இறங்கிவிட்டது, பின்னால் வருகிறவரைக் காணோம். வழியில் எங்காவது காலை மடக்கிக்கொண்டாரோ, பாதை தவறிவிட்டாரோ. ஊரான் வீட்டுக் கவலையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அடுப்புக்கும் பாதைக்குமாக நடந்து பார்த்தாள்.

அதனால்தான் கூடாரம் இல்லாத பையைக் கண்டதும் அவள் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"நீங்கதானா அது? எவ்வளவு நேரமா பாத்துட்டிருக்கேன். உங்க வீட்டம்மா மத்தியானமே வந்துட்டாங்க. அதோ, ஓடை ஓரமா, அந்தப் பச்சைக் கூடாரம்."

அவன் டம்ளரை வாயிலிருந்து எடுத்தான். ஓடைப் பக்கம் பார்த்தான். மற்ற கூடாரங்கள் எல்லாம் அங்கிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதையும் பார்த்தான்.

"தூங்குறாளா?" என்று கேட்டான்.

"அசந்து தூங்குறாங்க போல. அந்தத் தண்ணிச் சத்தத்துல நீங்க கத்தினாலும் கேக்காது. ஜிப்பத் திறந்துட்டு நேரா உள்ள போயிடுங்க."

அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். இந்தக் காலத்தில் குடித்த டம்ளரை யார் கழுவுகிறார்கள். அந்தப் பெண் கொடுத்துவைத்தவள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

மருந்துக்காரி அடுப்பருகே வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. முகாமின் மருந்துப் பெட்டி அவள் பொறுப்பு. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு இப்போது ஒற்றை ஆளாக மலை மலையாக ஏறுகிறவள். யாருக்கோ கணுக்காலில் கட்டுப் போட்டுவிட்டு, மிச்சத் துணியைச் சுருட்டியபடி உட்கார்ந்தாள்.

அக்கா சந்தோஷமாக எல்லாவற்றையும் சொன்னாள்.

துணியைச் சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அவன் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேட்டானா என்றாள் மருந்துக்காரி. இல்லை, தண்ணீர்தான் கேட்டான். மனைவி என்று அவன் வாயால் சொன்னானா? அதுவும் இல்லை. அவன் எதற்குச் சொல்ல வேண்டும், வீட்டுக்காரர் பின்னால் வருகிறார் என்று அந்தப் பெண்ணேதான் சொன்னாளே என்றாள் அக்கா. அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மருந்துக்காரி எழுந்துவிட்டாள்.

"தனியா நடக்குற பொம்பளைங்க எல்லாரும் அதைத்தான்க்கா சொல்லுவோம்."

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அதற்குள் மருந்துக்காரி ஓடத் தொடங்கியிருந்தாள். அக்காவும் கையிலிருந்த கரண்டியோடு பின்னால் ஓடினாள். போகப் போக ஓடைச் சத்தம் காதை அடைத்தது.

கூடாரத்தின் முன்னால் அவனுடைய பை கிடந்தது. பக்கத்தில் ஒரே ஒரு ஜோடி ஷூ, பெண்கள் போடும் சின்ன அளவு, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது.

அவனுடைய ஷூ வெளியே இல்லை. ஜிப் மூடியிருந்தது.