டின்னில் குறையும் மஞ்சள் தூள்

நல்லசாமி தகர டின்னைக் கவிழ்த்து உலுக்குகிறான். கழிச்சல் நின்று கோழிகள் எடை ஏறத் தீனியில் கலக்கும் மஞ்சள் நிற மருந்துத் தூள், இன்றும் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. கம்பிவலைக்குள் கோழிகள் சத்தமே இல்லாமல் சிறகைத் தொங்கவிட்டுக் குந்தியிருக்கின்றன. ரப்பர் மரங்களின் நிழல் அவற்றின் மேல் மெல்ல ஊர்கிறது. கோல சிலாங்கூரிலிருந்து கோழி ஏற்ற லோரி வந்தால் முதலாளி தவுக்கே முகத்தில் எப்படி விழிப்பது? “அம்சா, பேய் வந்து அள்ளிட்டுப் போவுதா? அதுக்கும் வயிறு சரியில்லையா லா?” கொட்டகை வாசலில் தூளி ஆட்டும் அம்சவள்ளி சிரிக்கவில்லை. போன வருசம் மூத்த பிள்ளை வயிற்றுப்போக்கில் இறந்த பிறகும் அவள் அவிழ்க்க விடாத அதே சேலைத் தூளி. இப்போது அதில் சின்னவள் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள். கயிறு கிறீச்சிடுகிறது. அம்சவள்ளியின் கை எதையோ முந்தானைக்குள் தள்ளுகிறது. நல்லசாமி பாய்ந்து பிடுங்குகிறான். பால் போத்தல். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறான். அடியில் மஞ்சளாக வண்டல் படிந்திருக்கிறது.

“போன தடவ கோழியெல்லாம் தேறுச்சுல்லங்க,” என்கிறாள் அம்சவள்ளி, தூளியை ஆட்டுவதை நிறுத்தாமல். “இவ மட்டும் ஏன் தேறக்கூடாது?”