அச்சுதன் வைத்த டெஸ்ட்

"முக்கால் மணி நேரம்தாம்மா. இந்தப் பென்டிரைவ்ல இருந்து இந்தப் பெட்டிக்குள்ள லினக்ஸை ஏத்தணும். ஏத்திட்டீங்கன்னா வேலை உங்களுக்கு."

அச்சுதன் மேஜை மேல் வைத்த பெட்டி ஒரு சோப்பு டப்பா அளவுதான் இருந்தது. பேக்கரியிலும் ஜூஸ் கடையிலும் டிவியில் விலைப்பட்டியல் ஓடுமே, அதை ஓட்டுகிற பெட்டி. உள்ளே லினக்ஸ் என்கிற சாப்ட்வேர் இருந்தால்தான் அது ஓடும். நாவலூரில் முதல் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ் பிடித்து, இந்தப் பெட்டிகளை விற்றே நாலு வருடமாகக் கம்பெனி நடத்துகிறார் மனிதர். இருந்த ஒரே எஞ்சினியரும் போன வாரம் கழன்றுகொண்டதால்தான் இந்த இன்டர்வியூ.

"இதுவரைக்கும் பதினோரு பேர் வந்தாச்சு. ஒருத்தருக்கும் ஏறலை. எல்லாருக்கும் எக்ஸ்பீரியன்ஸ் பேப்பர்ல மட்டும்தான் இருக்கு. இத்தனைக்கும் பென்டிரைவ் நானே என் கையால ரெடி பண்ணினது" என்றார் அச்சுதன்.

ஜெனி தலையாட்டினாள். பதினோராவது ஆளை அவள் வாசலிலேயே பார்த்துவிட்டாள். பெயர் யாசீன் என்றார். எட்டு வருடமாக இதே வேலை பார்ப்பவராம். "டிவில ஒரு எழுத்துகூட வரலை சிஸ்டர். எங்கேயோ கோளாறு இருக்கு சார்னு சொன்னேன். உங்களுக்குத்தான் வேலை தெரியலைன்னு அனுப்பிட்டார்" என்று சொன்னபோது அவர் முகம் தொங்கிப் போயிருந்தது.

ஜெனிக்கும் இது விளையாட்டுக் காரியம் இல்லை. பெங்களூரில் ஒரு வேலை தயாராக இருக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். போவதென்றால் நாலு வயது மகளை ஊரப்பாக்கத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இது கிடைத்தால் தினமும் வீடு திரும்பலாம். ஆனாலும் அவள் பதறவில்லை. வேலை தெரிந்தவள் எதற்குப் பதற வேண்டும்?

பெட்டியைச் சுவரில் இருந்த டிவியோடு இணைத்து, பென்டிரைவைச் செருகி, கரண்ட் கொடுத்தாள். டிவி இருட்டாகவே இருந்தது. இன்னொரு தடவை செய்து பார்த்தாள். அப்போதும் இருட்டுதான்.

கதவு லேசாகத் திறந்தது. ரிசப்ஷனில் இருக்கும் கனகவல்லி எட்டிப் பார்த்தாள். "சார், மறைமலை நகர் பேக்கரிக்காரர் லைன்ல..."

"இன்டர்வியூல இருக்கேன்னு சொல்லுங்க."

கதவு மூடிக்கொண்டது. ஜெனி தன் லேப்டாப்பை எடுத்து, அதில் பென்டிரைவைச் செருகி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"சார், முக்கால் மணி இல்ல, மூணு வருஷம் குடுத்தாலும் இது ஏறாது."

"பெட்டி சரியில்லைன்னு சொல்லப் போறீங்க. அப்படித்தானே?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. பென்டிரைவ்தான் தப்பு. இந்தப் பெட்டியில இருக்கறது ஆர்ம் சிப் சார், செல்போன்ல இருக்குமே அந்த மாதிரி. பென்டிரைவ்ல இருக்கறது சாதாரண கம்ப்யூட்டருக்கான லினக்ஸ். அது பேசறது இதுக்குப் புரியவே புரியாது."

அச்சுதன் அந்தப் பென்டிரைவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜை மேல் போட்டார்.

"சார், பெருங்களத்தூர் ஜூஸ் கடை..." என்று மறுபடி கனகவல்லி.

"அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க."

ஜெனி சரியான லினக்ஸை இறக்கி, தன் பென்டிரைவில் போட்டு, பெட்டியில் செருகினாள். டிவி முழுக்க எழுத்துகள் மளமளவென்று ஓடின. எந்த மொழி வேண்டும், எந்த ஊர் நேரம் என்று பெட்டி கேட்டது. கேட்டதற்கெல்லாம் பதில் கொடுத்தாள். நாற்பதாவது நிமிடம் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்தாள். எந்த உதவியும் இல்லாமல் பெட்டி தானாகவே எழுந்து வந்தது.

அச்சுதன் ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார். ஏசி அறையில் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பலமாகச் சிரித்தார்.

"சபாஷ்மா. இதான் டெஸ்டே. வேணும்னேதான் தப்பான பென்டிரைவைக் குடுத்தேன், யார் கண்டுபிடிக்கறாங்கன்னு பார்க்க. பதினோரு பேரும் கோட்டை விட்டாங்க, நீங்க பிடிச்சிட்டீங்க. நாளைக்கே வந்து சேர்ந்துடுங்க."

ஜெனிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கூடவே மனிதர் மேல் பெரிய மரியாதையும் வந்தது. எப்பேர்ப்பட்ட மூளை! 'பெங்களூர் வேண்டாம்' என்று கணவன் சுகுமாருக்கு அங்கேயே மெசேஜ் தட்டினாள்.

நிமிர்ந்தபோது ஜன்னல் வழியாகக் கீழே டீக்கடை தெரிந்தது. யாசீன் இன்னும் போகாமல் அங்கே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று யோசிக்கிறார் போலிருக்கிறது.

"அந்த யாசீன் பாவம் சார். எங்கேயோ கோளாறுன்னு அவரும் சொன்னாரே."

"டெஸ்ட்னா டெஸ்ட்தாம்மா. கரெக்டா சொல்லணும்ல?" என்றார் அச்சுதன்.

இந்த முறை கனகவல்லி எட்டிப் பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்துவிட்டாள்.

"நீங்க திட்டினாலும் பரவால்ல சார், என்னால முடியல. திங்கக்கிழமை நீங்களே உக்காந்து இதே பென்டிரைவைக் காப்பி எடுத்து, செருகுனா தானா ஏறிடும்னு நாப்பது கடைக்குப் பென்டிரைவ் கூரியர்ல அனுப்புனீங்களே, ஒண்ணுகூட ஏறலையாம். அத்தினி பேர் டிவியும் இருட்டா கீதாம். நான் இன்னா சொல்றது?"

ஜெனி மேஜை மேல் கிடந்த பழைய பென்டிரைவைப் பார்த்தாள். பிறகு அச்சுதனைப் பார்த்தாள்.

"அந்த நாப்பது கடைக்காரங்களுக்கும் டெஸ்ட்தானா சார்?"

அச்சுதன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்த யாசீனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.