அனுராதபுரத்தில் ஒரு நாள்

தலைநகரமும் பழைய ஊர்களும் சேர்த்து ஐந்து நாள் இலங்கைப் பயணம். தாம்பரம் டிராவல்ஸ் ஆபீசில் ப்ரியா அரை மணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்தாள். கோவளத்திலிருந்து வந்திருந்த சவுரிமுத்துவும் அவர் மனைவி பேபியும் எதற்கும் மசியவில்லை.

“கொழும்புல பீச் சூப்பரா இருக்கும் சார். ஒரு நாள் தங்குங்க.”

“கடலு வாணாம்மா,” என்றார் சவுரிமுத்து. “எறங்குனதும் அனுராதபுரம் போவணும்.”

“அங்க ரெண்டாயிரம் வருஷத்துக் கோயில், குளம்னு நிறைய இருக்கு. மூணு நாளாவது வேணும்.”

“ஒரு நாள் போதும்.”

பேபி தயங்கியபடி கேட்டாள். “நெத்திலிக் கருவாடு வறுத்து எடுத்துகினு போலாமா? வுடுவாங்களா?”

ப்ரியாவுக்கு எரிச்சலை மீறிச் சிரிப்பு வந்தது. “ஹோட்டல்லயே சாப்பாடு தருவாங்கம்மா. அவ்ளோ தூரம் போயிட்டு எதையுமே பார்க்காம திரும்புறதுக்கு எதுக்குப் போறீங்க?”

பேபிதான் பதில் சொன்னாள்.

“எம் புள்ளையப் பாக்கத்தாம்மா. மீன் புடிக்கப் போன எடத்துல எல்லை தாண்டிட்டான்னு இலங்கை நேவிக்காரங்க இட்டுகினு போயி எட்டு மாசம் ஆவுது. அனுராதபுரம் ஜெயில்லதான் கீறான். பத்து நிமிஷம்தான் பாக்க வுடுவாங்களாம்.”