அந்தரத்தில் முறுக்கிய போல்ட்

“ரெண்டே நிமிசம் மேடம். இந்த ஒரு போல்ட்டை முறுக்கிட்டு வாரேன்.”

குரல் மட்டும்தான் வந்தது. ஆள், ஜாக்கியில் தூக்கி நிறுத்திய ஒரு பச்சைக் காருக்கு அடியில் கிடந்தார். அதன் முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. மூச்சைப் பிடித்து முறுக்கி முடித்து, வெளியே ஊர்ந்து வந்து, ஜாக்கியை இறக்கி, கையைத் துணியில் துடைத்த பிறகுதான் அய்யப்பன் நிமிர்ந்து பார்த்தார். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் துடைத்த கையை இன்னொரு தரம் துடைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத் தாளாளர் பிரகதாம்பாள். கந்தர்வக்கோட்டையைச் சுற்றி அந்த அம்மாளின் வேன்கள் எட்டு ஓடுகின்றன. எட்டையும் வருஷம் பூராவும் பார்த்துக்கொள்ள ஒரு பட்டறையைத் தேடுகிறார் என்று ஒரு வாரமாக ஊரே பேசுகிறது. வேன்கள் வந்தால் அய்யப்பனின் தகரக் கூரை கான்கிரீட் ஆகிவிடும். வராவிட்டால் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், வசந்தகுமாரின் பட்டறைக்குப் போய்விடும். அங்கே கஸ்டமர் உட்கார சோபா வேறு வாங்கிப் போட்டிருக்கிறான், பாவி.

“வேன் விசயமாப் பேசணும். அதுக்கு முந்தி இந்தக் காரைக் கொஞ்சம் பாருங்க” என்றார் பிரகதாம்பாள். “ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குனா முன்பக்கம் டொக்கு டொக்குங்குது. டயரு உள்பக்கம் மட்டும் தேயுது.”

பதினைந்து வருஷத்துப் பழைய வெள்ளைக் கார். மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் இந்த மாதிரி ஒரு வெள்ளைக் காரின் மேல்தான் விழ வேண்டும். அய்யப்பன் அதைத் தூக்கி, அடியில் டார்ச் அடித்து, லிவரைக் கொடுத்து நெம்பினார். முகத்தில் பரம திருப்தி.

“லோயர் ஆர்ம்லதாங்க கோளாறு மேடம். சக்கரத்தை வண்டியோட புடிச்சு நிக்கிற கை அதுதான். அது சேஸிஸ்ல மாட்டுற எடத்துல ரப்பர் புஷ்ஷு இருக்கும். கிழிஞ்சு நாராத் தொங்குது.”

“போன வருசந்தான் ரெண்டு பக்கமும் புதுசா மாத்துனது.”

அய்யப்பனின் கண் தானாக எதிர்ப்பக்கம் போனது. “மாத்துன மகராசன் யாருங்க?”

“பேரெல்லாம் எதுக்கு. பெரிய மெக்கானிக்குன்னுதான் சொன்னாங்க.”

“பெரிய மெக்கானிக்குதான். சோபால்லாம் போட்டு உக்கார வச்சிருப்பாரே.”

பிரகதாம்பாள் லேசாகச் சிரித்தார். அய்யப்பனுக்கு அது போதும்.

“ஆர்ம் இன்னும் புதுசாத்தாங்க இருக்கு. பெயின்ட்டு கூடப் போகலை. மாட்டுன லெச்சணந்தான் சரியில்லை. வண்டியைத் தூக்கி வச்சு, சக்கரம் அந்தரத்துல தொங்குறப்பவே போல்ட்டை முழுசா முறுக்கிட்டாரு புண்ணியவான். கீழ எறக்குனா ஆர்ம் மேல ஏறும். ரப்பர் திருகிக்கிட்டே நிக்கும். அப்பறம் எம்புட்டு நாளைக்குத் தாங்கும்? வண்டி தரையில சக்கரம் ஊண்டி நின்ன பெறகுதான் கடைசி முறுக்கு. கம்பெனி ட்ரெயினிங்குல மொத நாளே சொல்லிக் குடுக்குறது.”

சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். கிரீஸ் படிந்து அதில் அவர் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

“தெரிஞ்சும் ஏன் அப்பிடிப் பண்றாங்க?”

“சோம்பேறித்தனந்தான், வேறென்ன. எறக்கிட்டா அடியில படுக்க எடம் பத்தாது. வயிறு இடிக்கும்.”

“பிள்ளைங்க போற வேனுக்கும் இப்பிடியே செஞ்சா?”

எட்டு வேனும் வரிசையாகத் தன் பட்டறைக்குள் திரும்புவது அய்யப்பனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. குரலில் கவலையைக் கூட்டினார். “நெனச்சாலே பயமா இருக்குங்க. அந்த ஆளு கையில சைக்கிளக்கூடக் குடுக்கக் கூடாது.”

“இதை எழுதித் தருவீங்களா? எங்க கமிட்டில காட்டணும்.”

கரும்பு தின்னக் கூலியா. அய்யப்பன் லெட்டர் பேடை எடுத்து, தூசியை ஊதிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். ‘இந்தக் காரில் லோயர் ஆர்ம் மாட்டிய வேலை மிகவும் பொறுப்பற்றது. இதைச் செய்தவரிடம் பிள்ளைகள் ஏறும் வாகனத்தை ஒப்படைப்பது ஆபத்து.’ கையெழுத்துப் போட்டு, அடியில் வழக்கம்போல் இரண்டு கோடு இழுத்தார். பிறகு பட்டறையின் வட்ட முத்திரையை, வசந்தகுமாரின் உச்சந்தலையிலேயே குத்துவதாக நினைத்துக் குத்தினார்.

பிரகதாம்பாள் அதை நிதானமாக இரண்டு முறை படித்தார். “நல்லா எழுதியிருக்கீங்க. கமிட்டிக்கு இனிமே யோசிக்க வேலையில்லை.”

“வேனை எப்ப அனுப்புறீங்க?”

“காரு என் தம்பி அருள்மணியோடது” என்றார் அவர், கேட்ட கேள்வியே காதில் விழாதது போல. “போன வருசம் லீவுல வந்தப்ப அவந்தான் பட்டறையில குடுத்து ஆர்ம் மாத்துனான். திரும்ப துபாய்க்குப் போறப்ப காரை என்கிட்ட விட்டுட்டுப் போனான். பில்லையும் பத்திரமா வச்சிட்டுத்தான் போயிருக்கான்.”

கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்து, அய்யப்பன் எழுதிக் கொடுத்த தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டிலும் ஒரே கையெழுத்து, அடியில் அதே இரண்டு கோடு, அதே வட்ட முத்திரை. ஒன்றில் மட்டும் மை இன்னும் காயவில்லை.