யப்பானிலை ஆர் இருக்கினம்?

"யப்பானிலை எங்கடை ஆக்கள் ஆரப்பா இருக்கினம்?"

யோகாம்பாள் ஒரு மாதமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேள்வியில் பிழையில்லை. ஒஸ்லோத் தமிழர் லண்டனுக்குப் போனால் பெரியம்மா வீடு, பாரிசுக்குப் போனால் மச்சான் வீடு. சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத ஊரில் போய்க் காசு குடுத்து ஹோட்டலில் படுப்பார்களோ?

"ஒருத்தரும் இல்லை," என்றார் புருசன் இரத்தினவேல், கொம்பியூட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல். "கோயில் இருக்கு. தோட்டம் இருக்கு. பழைய தேத்தண்ணிக் கடையள் இருக்கு. காணாதே?"

இத்தனை வருசமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிற மனுசன். இந்த ஊர் மியூசியம் ஒன்றுக்குள்ளே கால் வைத்ததில்லை. அவருக்கு இப்போது யப்பானியரின் பழைய கபுக்கி நாடகம் பார்க்க வேண்டுமாம்!

அதுவும் என்ன திட்டம்? டோக்கியோவில் ஐந்து நாள். கனசாவாவில் நாலு நாள். கியோட்டோவில் ஒரு முழுக் கிழமை.

"பக்கத்து வீட்டுச் சோதிலிங்கம் அண்ணை பத்து நாளிலை யப்பான் முழுக்கச் சுத்திப்போட்டு வந்தவர். நீங்கள் என்ன, குடியிருக்கவோ போறியள்?"

"நேரம் பாத்து ஓடினது காணும், யோகம். ஒரு ஊரிலை ஆறுதலா இருந்து, நாலு தெரு நடந்து பாப்பம்."

"ஆனி மாதத்திலை அங்கை மழையாம்! குடை பிடிச்சுக்கொண்டோ கோயில் பாக்கிறது? வேறை மாதமே கிடைக்கேல்லை?"

இரத்தினவேல் திரையில் அடுத்த ஹோட்டலின் படத்தைத் திறந்தார்.

யோகாம்பாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்குப் போனாள், வந்தாள், திரும்பவும் போனாள். வெங்காயம் கருகி வீடெல்லாம் மணத்தது. அதே ஆனி மாதத்தில்தான் ரொறன்ரோவில் சிவநாயகியின் மகளுக்குக் கலியாணம். சிவநாயகி அவளுடைய ஒரே தங்கச்சி. தாய் செத்த பிறகு தலை வாரி இழுத்து, சோறூட்டி வளர்த்த தங்கச்சி. அந்த வீட்டுக் கலியாணத்துக்குப் போகாமல் யப்பானில் மழை பார்க்கவோ?

"அம்மா, சண்டை பிடிக்காதேங்கோ," என்றாள் மதுரா, சோபாவில் கால் மடக்கி இருந்தபடி. "நான் எங்கையெண்டாலும் வாறன்."

மதுரா அவர்களுடைய ஒரே மகள். கலியாணம் சரிவராமல், பிரிந்து, போன மார்கழியில்தான் ஒஸ்லோவின் கரையில் ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கிற தாய் தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். இப்போதுதான் கொஞ்சம் சிரிக்கிறாள்.

அவள் குளிக்கப் போனதும் யோகாம்பாள் புருசனுக்கு முன்னால் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்தினாள். கோபத்தைத் தாழ்த்தவில்லை.

"எனக்கு விளங்காது எண்டு நினைக்காதேங்கோ. பிள்ளை பிரிஞ்சு வந்தது உங்களுக்கு வெக்கம். சனத்துக்கு முகம் குடுக்கப் பயந்துதான் யப்பானுக்கு ஓடுறியள். பெத்த பிள்ளையைக் கொண்டு ஒளிக்கிற நீங்கள் ஒரு தகப்பனே?"

இரத்தினவேலின் முகம் செத்துப் போனது. "கனசாவாவிலை நல்ல தோட்டம் ஒண்டு இருக்கு," என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

சீ, என்ன மனுசன்!

யோகாம்பாள் போனைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நாயகி! இந்த மனுசனை விடு. அவர் தனியப் போய் யப்பானைக் கட்டிப் பிடிக்கட்டும். நானும் மதுராவும் கலியாணத்துக்கு வாறம். இண்டைக்கே டிக்கெட் போடப் போறன்."

யோகாம்பாள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"என்னடி, கேக்குதே?"

"அக்கா... அத்தான் உனக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

"நான் மாசியிலையே அவருக்குச் சொன்னனான். நீங்கள் ரெண்டு பேரும் கட்டாயம் வாங்கோ, மதுராவை மட்டும் கூட்டிக்கொண்டு வராதேங்கோ எண்டு. கோவிக்காதை அக்கா. மாப்பிள்ளை வீட்டார் சகுனம் பாக்கிற ஆக்கள். வாழாமல் வந்த பிள்ளை தாலி கட்டேக்கை முன்னுக்கு நிண்டால்... நீயே யோசிச்சுப் பார்."

யோகாம்பாளின் கை பல்கனிக் கம்பியை இறுகப் பிடித்தது.

"அத்தான் கேட்டிட்டு ஒரு சொல்லும் ஏசேல்லை. 'பிள்ளையின்ரை காதிலை இது விழக்கூடாது. யோகத்துக்கும் சொல்லாதை, அவளுக்கு உன்னிலை உயிர், தாங்கமாட்டாள். நான் வேறை ஏதும் சொல்லிச் சமாளிக்கிறன், பழி என்னோடை போகட்டும்' எண்டார். நான் நினைச்சன், பிறகாவது உனக்குச் சொல்லியிருப்பார் எண்டு..."

"நாயகி," என்றாள் யோகாம்பாள். "என்ரை பிள்ளை நிக்கக் கூடாத பந்தலிலை எனக்கு என்னடி அலுவல்?"

போனை வைத்தாள். கண்ணைத் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். முகம் சரியாகும்வரை கீழே பஸ் தரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே வந்தபோது மதுரா ஈரத் தலையோடு தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தியோடையே கதைச்சனீங்கள்? என்னவாம்?"

இரத்தினவேல் சட்டென்று நிமிர்ந்தார். அவர் கண்ணில் இருந்த பயத்தை யோகாம்பாள் பார்த்தாள்.

"அவள் போன் எடுக்கேல்லை," என்றாள்.

பிறகு கதிரையை இழுத்து, அவருக்கு நெருக்கமாகப் போட்டு இருந்தாள்.

"உந்தக் கனசாவாவிலை நாலு நாள் ஆருக்குக் காணும்? இன்னும் ரெண்டு நாள் கூட்டிப் போடுங்கோ. மூண்டு பேருமாய் ஆறுதலாப் போட்டு வருவம்."