நூற்றுக்கு நூறு

ஆட்குறைப்பில் வேலை போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. இது பதினோராவது நேர்காணல். "இதுவும் கைநழுவிப் போச்சுன்னா இனிமே எனக்குத் தெம்பில்ல," என்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார், அந்தத் தரப் பரிசோதகர்.

முதலில் எழுத்துத் தேர்வு. கேள்வித்தாளைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மொத்தம் ஐம்பது கேள்விகள். பதினேழாவதில் ஒரு பொறி இருந்தது: கொடுத்திருந்த உதிரிபாகப் படத்தில் துளையின் அளவே குறிக்கப்படவில்லை, அதைச் சுட்டிக்காட்டுவதுதான் விடை. ஒரு மணி நேரத் தேர்வை இருபதே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்.

திருத்திய அதிகாரியின் முகம் மாறியது.

"நூத்துக்கு நூறு. இதுவரைக்கும் எழுபதைத் தாண்டினவங்களே கிடையாது. பதினேழாவதுல எல்லாரும் கவுந்துடுவாங்க."

"அப்போ வேலை எனக்குத்தானே சார்?"

"இந்தத் தாள் வேற ஒரு கம்பெனியிலேருந்து வந்தது. திருத்துறவங்களுக்குன்னு கடைசியில ஒரு குறிப்பு இருக்கு. படிக்கிறேன், கேளுங்க. 'முழு மதிப்பெண் வாங்குபவர் தாளை முன்பே பார்த்தவர். அவரை வேலைக்கு எடுக்கக் கூடாது.'"

"சார், என் வீட்டு நிலைமை..."

"பார்த்திருக்கீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பார்த்திருக்கேன் சார். பழைய கம்பெனியில உட்கார்ந்து இந்தக் கேள்வித்தாளைத் தயாரிச்சவனே நான்தான்."

அதிகாரி தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

"அப்போ அந்தக் குறிப்பும் நீங்க எழுதினதுதானே? நான் என்ன சொல்லப்போறேன்னு உங்களுக்கே தெரியும்."